ஈரலில் இருந்தும் கண்ணுக்கு எட்டாதது

கரட் விளையும் மலை

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளைகிற கரட், சாக்குச் சாக்காகக் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து நாடெங்கும் போகிறது. அதே மலைத்தொடரில்தான் எல்ல, தெமோதரை, பசறை, லுணுகலை என்று தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. லயத்துக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு மண் கிடைத்தாலும் அதில் வல்லாரையோ பொன்னாங்காணியோ முளைத்திருக்கும். ஊவாவில் கீரைக்குப் பஞ்சமில்லை.

கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் தாயிடம் கேட்பார்: “பிள்ளைக்குக் கீரை, கரட் குடுக்கிறீங்களா?” தாய் சொல்வாள்: “குடுக்கிறேன் மிஸ்ஸி, கீரை இல்லாத நாளே இல்லை.” இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசுகிறார்கள். கரட்டும் கீரையும் கண்ணுக்கு நல்லது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால், பச்சைக்கும் மஞ்சளுக்கும் குறைவில்லாத வீட்டில் வளரும் ஒரு பிள்ளைக்கு மாலைக்கண் வர முடியுமா? இரத்தத்தில் விற்றமின் ஏ குறைய முடியுமா?

முடியும். தாய் சொன்னது பொய்யில்லாமலேயே முடியும். காரணம் தட்டில் இல்லை, பிள்ளையின் ஈரலில் இருக்கிறது. அந்தக் காரணத்தை அறிவியல் கண்டுபிடித்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கிளினிக்கில் கேட்கப்படும் கேள்விக்குள் அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை.

அரைக் கரட்டின் பயணம்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டிய விற்றமின் ஏ ஏறத்தாழ 300 மைக்ரோகிராம். கரட்டில் விற்றமின் ஏ நேரடியாக இல்லை. அதன் மஞ்சள் சிவப்பு நிறத்தைத் தருகிற கரோட்டின் என்ற நிறமிதான் இருக்கிறது. நம் குடல் அந்த நிறமியை நடுவில் வெட்டி விற்றமினாக்கிக்கொள்கிறது. காய்கறியில் இருக்கும் நிறமி முழுவதும் உடம்புக்குள் போவதில்லை. ஏறத்தாழ 12 பங்கு நிறமி சாப்பிட்டால்தான் 1 பங்கு விற்றமின் தேறும். 50 கிராம் கரட்டில், அதாவது ஒரு நடுத்தரக் கரட்டில் பாதி அளவில், 4000 மைக்ரோகிராமை ஒட்டிய நிறமி உண்டு. பன்னிரண்டால் வகுத்தால் 330 சொச்சம். பிள்ளையின் அன்றைய தேவை தீர்ந்துவிட்டது.

காகிதத்தில் தீர்ந்துவிட்டது. உடம்புக்குள் அந்த அரைக் கரட் கடக்க வேண்டிய படிகள் இனிமேல்தான் தொடங்குகின்றன.

முதல் படி எண்ணெய். கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பச்சையாகக் கடித்த கரட்டைவிட, நறுக்கித் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்த கரட்டிலிருந்து பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். வல்லாரைச் சம்பலில் துருவிய தேங்காய் சேர்ப்பது நம் பாட்டிமாரின் வழக்கம். அது இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான வழக்கம். குடலில் பூச்சி இருந்தாலோ, அடிக்கடி வயிற்றோட்டம் போனாலோ இந்தப் படியிலேயே பெரும்பகுதி நழுவிவிடும்.

இரண்டாவது படி ஈரல். குடல் உறிஞ்சிய விற்றமின், சாப்பாட்டுக் கொழுப்பின் நுண்துளிகளோடு கலந்து இரத்தத்துக்கு வந்து, பெரும்பாலும் ஈரலில் சேர்கிறது. அங்கே நட்சத்திர வடிவம் கொண்ட சிறப்பு உயிரணுக்கள் அதை எண்ணெய்த் துளிகளாகச் சேமிக்கின்றன. நல்ல ஊட்டம் உள்ள ஒருவரின் உடம்பிலுள்ள விற்றமின் ஏயில் பத்தில் ஏழு முதல் ஒன்பது பங்கு வரை ஈரலில்தான் இருக்கும். அது பல மாதங்களுக்குப் போதும்.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் ஈரல் பார்ப்பதில்லை, கண்தான் பார்க்கிறது. ஈரலிலிருந்து கண்ணுக்கு அது எப்படிப் போகிறது?

ஏந்துபுரதம்

ஈரலிலிருந்து புறப்படும் விற்றமின் ஏக்கு ரெட்டினோல் என்று பெயர். அதுவும் தண்ணீரில் கரையாத எண்ணெய்ப் பொருள்தான். இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். ரெட்டினோலைத் தனியே இரத்தத்தில் விட்டால் அது சிதையும், போகக்கூடாத சவ்வுகளில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கும். அதனால் ஈரல் அதைத் தனியே அனுப்புவதே இல்லை. அதற்கென்றே ஒரு சிறு புரதத்தைத் தயாரிக்கிறது. அந்தப் புரதத்தின் நடுவே ஒரு குழி உண்டு. சரியாக ஒரே ஒரு ரெட்டினோல் மூலக்கூறு அந்தக் குழிக்குள் அமர்ந்துகொள்ளும். இதை நாம் ஏந்துபுரதம் என்று அழைப்போம். 1968இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கனாய், ராஸ், குட்மன் என்ற மூவர் மனித இரத்தத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள்.

இந்தப் புரதம் மிகச் சிறியது. தனியே போனால் சிறுநீரகத்தின் வடிகட்டி வழியே வெளியே ஒழுகிவிடும். அதைத் தடுக்க ட்ரான்ஸ்தைரெட்டின் என்ற பெரிய புரதம் ஒன்று அதோடு சேர்ந்துகொள்கிறது. தைரொயிட் ஹோர்மோனைச் சுமப்பதும் இதே துணைப்புரதம்தான். இந்த ஜோடி இரத்தத்தில் ஓடி, விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் உயிரணுப் படலத்தை அடைகிறது. அங்கே ஸ்ட்ரா6 என்ற வாங்கி காத்திருக்கிறது. 2007இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஹுய் சன் குழுவினர் அதை அடையாளம் கண்டார்கள். ஏந்துபுரதத்திடமிருந்து ரெட்டினோலை வாங்கி உயிரணுவுக்குள் விடுவது அதன் வேலை. அங்கிருந்துதான் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் நிறப்பொருள் உருவாகிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கொழுந்து மடுவத்தில் எத்தனை கிலோ நிறுத்துக் குவித்திருந்தாலும், லொறி வராவிட்டால் ஃபெக்டரிக்கு ஒரு இலைகூடப் போய்ச் சேராது. ஈரலில் உள்ள விற்றமின் குவித்த கொழுந்து. ஏந்துபுரதம் லொறி.

ஏந்துபுரதமும் ஒரு புரதம். அதைச் செய்ய ஈரலுக்குப் பருப்பிலிருந்தும் மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும் பாலிலிருந்தும் வரும் மூலப்பொருள் வேண்டும். கொஞ்சம் துத்தநாகமும் வேண்டும். அதுமட்டுமல்ல, ஒரு முறை செய்து பல மாதம் வைத்துக்கொள்ளக்கூடிய புரதமும் அல்ல இது. ரெட்டினோலோடு இரத்தத்துக்கு வந்த ஏந்துபுரதத்தில் பாதி, ஒரு நாள் முடிவதற்குள் மறைந்துவிடும். ஈரல் அதை நாள்தோறும் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். பிள்ளையின் சாப்பாட்டில் புரதம் தொடர்ந்து குறைந்தால், அடிபடும் முதல் சில பொருட்களில் இதுவும் ஒன்று.

கெய்ரோவும் மதுரையும்

இதற்கு ஆதாரம் எங்கே? 1973இல் குட்மனும் அவரது சகாக்களும் எகிப்திய மருத்துவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு மிக முக்கியமானது. கடுமையான புரதக் குறைவும் கலோரிக் குறைவும் உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் விற்றமின் ஏ, ஏந்துபுரதம், துணைப்புரதம் மூன்றும் சேர்ந்து தாழ்ந்திருந்தன. பிறகு பிள்ளைகளுக்குப் புரதமும் கலோரியும் உள்ள நல்ல சாப்பாடு கொடுக்கப்பட்டது. விற்றமின் ஏ தனியாகக் கொடுக்கப்படவில்லை. ஆனாலும் இரத்தத்தில் விற்றமின் ஏ உயர்ந்தது. அது வெளியிலிருந்து வரவில்லை. ஈரலுக்குள்ளேயே கிடந்தது, வெளியே வர வழியில்லாமல்.

இந்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. சத்து உள்ளே இருக்கும்போதே அது அந்தப் பிள்ளைகளின் இரத்தத்துக்கு எட்டாமல் போயிருக்கிறது.

தமிழர் அறிந்த ஒரு மருத்துவரும் இந்தக் கதையில் இருக்கிறார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அதற்கு முன் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். ஏழைப் பிள்ளைகள் கருவிழி வறண்டு, சில வேளை குழைந்து, பார்வை போன நிலையில் அவரிடம் கொண்டுவரப்பட்டார்கள். கருவிழி உருகிய பின் எந்த அறுவைச் சிகிச்சையும் அதைப் பழையபடி ஆக்காது. அதனால் அவர் கவனம் சாப்பாட்டின் பக்கம் திரும்பியது. ஒக்ஸ்ஃபர்டின் உயிர்வேதியியலாளர் அன்டோனெட் பிரீயும் அவரோடு சேர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்காக உழைத்தவர் அவர். மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்ந்த, கண் வறட்சியும் மெலிவும் கொண்ட பிள்ளைகளின் இரத்தத்தில் ஏந்துபுரதத்தைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து, இருவரும் வேறு இருவரோடு சேர்ந்து 1977இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஒரு கண் மருத்துவர் ஏன் இரத்தப் புரதத்தை அளக்க வேண்டும்? மருந்துத் துளியால் அடங்காத நோய் அது என்று அவர் கண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு எது இல்லை என்று அறிய விரும்பினார்: கொழுந்தா, லொறியா? பெரும்பாலான ஏழைப் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை என்பதே உண்மை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எதை முதலில் கொடுப்பது என்று முடிவெடுக்க முடியும்.

ஐந்து மணிநேரச் சோதனை

இரண்டையும் பிரித்தறிய ஒரு அழகான வழி உண்டு. சாதாரண இரத்தச் சோதனை இதற்கு உதவாது. ஈரலில் சேமிப்பு பெருமளவு குறையும் வரை இரத்தத்தின் அளவை உடம்பு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறது. அதனால் இரத்தம் சரியாக இருக்கிறது என்றால் ஈரல் நிறைந்திருக்கிறது என்று பொருளல்ல. இரத்தத்தில் குறைவு என்றால் ஈரல் காலி என்றும் பொருளல்ல.

ஏந்துபுரதம் இருந்து விற்றமின் இல்லாமல் போனால் என்ன நடக்கும்? ரெட்டினோல் வந்து குழியில் அமராதவரை ஈரல் அந்தப் புரதத்தை வெளியே விடுவது மிகக் குறைவு. வெறும் ஏந்துபுரதங்கள் ஈரலுக்குள்ளேயே தேங்கி நிற்கும். இப்போது பிள்ளைக்கு ஒரு சிறு அளவு விற்றமின் ஏ கொடுங்கள். தேங்கி நின்ற புரதங்கள் அதை ஏந்திக்கொண்டு ஒரே நேரத்தில் வெளியே புறப்படும். ஐந்து மணிநேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தால் விற்றமின் அளவு ஏறியிருக்கும். 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் அந்தப் பிள்ளையின் ஈரல் விற்றமினுக்காகக் காத்திருந்தது என்று கொள்ளலாம்.

புரதமே இல்லாத பிள்ளைக்கோ இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். ஏறுவதற்கு ஈரலில் ஏந்துபுரதம் இருக்காது. கடுமையாக மெலிந்த பிள்ளையிடம் இந்தச் சோதனையை நம்பக்கூடாது என்று ஆய்வாளர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

ஏந்துபுரதமே இல்லாமல் பிறந்தவர்கள்

1999இல் இரண்டு செய்திகள் வெளிவந்தன. ஒன்று எலியைப் பற்றியது. ஏந்துபுரதத்துக்கான மரபணுவை நீக்கிய எலிகள் பிறந்தன, வளர்ந்தன, ஆனால் முதல் மாதங்களில் பார்வை மங்கியிருந்தது. விற்றமின் ஏ போதிய அளவு உள்ள தீனி தொடர்ந்து கிடைத்தால் சில மாதங்களில் பார்வை தேறியது. தீனியிலிருந்து விற்றமின் ஏயை எடுத்துவிட்டால் வெகு விரைவில் குறைபாடு தலைகாட்டியது. அப்போதும் ஈரலில் விற்றமின் இருந்தது. எடுத்து வரத்தான் ஆளில்லை.

மற்றது ஜெர்மனியைச் சேர்ந்த சகோதரிகள் இருவரைப் பற்றியது. இருவரது இரத்தத்திலும் ஏந்துபுரதத்தைக் காணவே முடியவில்லை. இருட்டில் பார்ப்பது அவர்களுக்குச் சிரமம். தோலில் பருக்கள் இருந்தன. மற்றபடி ஆரோக்கியமாக வளர்ந்திருந்தார்கள்.

அது எப்படி? சாப்பிட்ட உடனே கொழுப்புத் துளிகளோடு இரத்தத்தில் வரும் விற்றமினை ஈரலுக்குப் போகும் முன்பே பல உறுப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கின்றன. அது ஒரு குறுக்கு வழி. நாள்தோறும் வெண்ணெயும் பாலும் முட்டையும் கிடைக்கும் வீட்டில் அந்த வழியே பெருமளவு போதும். கண் மட்டும் ஏந்துபுரதத்தை அதிகம் நம்பியிருக்கிறது.

லயத்துப் பிள்ளைக்கு அந்தக் குறுக்கு வழி மெலிந்தது. எண்ணெய் குறைந்த ரொட்டியும் கட்டச் சம்பலும் சாயத்தண்ணியும் காலைச் சாப்பாடாகும்போது, அந்த வேளையில் ஏறத்தாழ எதுவுமே வருவதில்லை. ஆகவே அவனுக்கு ஈரலின் சேமிப்பும் வேண்டும், அதை எடுத்து வரும் புரதமும் வேண்டும். எலி ஆய்வு சொல்கிற இந்தப் பாடத்தை வறுமைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காய்ச்சல் நாட்களில்

காய்ச்சலும் தொற்றும் வந்தால் ஈரல் வேறு அவசரப் புரதங்களைச் செய்யத் திரும்பிவிடுகிறது. ஏந்துபுரதத்தின் உற்பத்தி குறைகிறது. கடும் தொற்றில் சிறுநீரோடும் விற்றமின் ஏ வெளியேறுகிறது. சின்னமுத்து கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் விற்றமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்வதன் பின்னணி இது.

பெரிய அளவில் கொடுக்கும் விற்றமின் மருந்து, குறுக்கு வழியை ஒரே நாளில் நிரப்புகிறது. ஈரலிலும் சேர்கிறது. சிறிய அளவும் வேலை செய்யும் என்று காட்டியது தமிழ்நாட்டின் திருச்சி மாவட்டம். லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் 15,000க்கு மேற்பட்ட சிறு பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வில், சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவு விற்றமின் ஏயை வாரம் ஒரு முறை பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. 1990இல் வெளிவந்த அந்த முடிவு, இந்தச் சத்து கண்ணோடு நிற்பதில்லை என்பதை மறுக்க முடியாதபடி சொன்னது. குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்தோலையும் நோயெதிர்ப்பையும் அது காக்கிறது.

அதே புரதம் மிகுந்தால்

இதுவரை ஏந்துபுரதம் குறைவதன் துயரத்தைப் பார்த்தோம். அது மிகும்போதும் சிக்கல் உண்டு என்பது 2005இல்தான் உலகுக்குத் தெரிந்தது. பொஸ்டனில் பார்பரா கான் தலைமையிலான குழு, இந்தப் புரதத்தை ஈரல் மட்டுமல்ல, உடற்கொழுப்பும் வெளிவிடுகிறது என்பதைக் கொண்டு ஒரு புதிய கதவைத் திறந்தது. பருமனான, இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்லாத எலிகளின் இரத்தத்தில் அது மிகுந்திருந்தது. ஆரோக்கியமான எலிகளுக்கு அதை ஊசியாகச் செலுத்தியபோது அவற்றின் உடம்பும் இன்சுலினுக்கு மசிய மறுத்தது: தசை சர்க்கரையை எடுப்பது குறைந்தது, ஈரல் சர்க்கரையைக் கூடுதலாக இரத்தத்தில் விட்டது. மரபணுவை நீக்கிய எலிகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது.

அடுத்த ஆண்டே மனிதரிடமும் இதே தொடர்பு காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. அளக்கும் முறையைப் பொறுத்து முடிவு மாறியது. சிறுநீரகம் தளர்ந்தாலும் இந்தப் புரதம் இரத்தத்தில் ஏறும். ஆகவே இதை நீரிழிவின் ஒற்றைக் காரணமாக யாரும் சொல்வதில்லை. ஒரு விற்றமினைச் சுமக்கும் புரதம் உடம்பின் சர்க்கரைக் கணக்கிலும் கை வைக்கிறது என்பது மட்டும் நிலைத்துவிட்டது.

சிறுநீரகத்தைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். ரெட்டினோலை இறக்கிவிட்ட வெறும் ஏந்துபுரதம் துணைப்புரதத்தைப் பிரிந்து சிறுநீரக வடிகட்டியைக் கடந்துவிடும். அதற்குப் பின்னாலுள்ள நுண்குழாய்கள் அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். குழாய்கள் பழுதானால் சிறுநீரில் அது தென்படும். நம் பதுளை மாவட்டத்திலேயே, மலையிறங்கி மகாவலிப் பக்கம் போனால் கிராந்துருகோட்டை. காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அந்த நோய் முதலில் தாக்குவது இந்த நுண்குழாய்களைத்தான். வெளியே அறிகுறி தெரியும் முன்பே குழாய்களின் பழுதை அறிய மருத்துவர்கள் சிறுநீரில் தேடும் சிறு புரதங்களில் ஏந்துபுரதமும் சேர்ந்திருக்கிறது.

லயத்து அடுப்பில்

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப் பகுதியில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 100க்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17. உயரம் குன்றியவர் எல்லாருக்கும் விற்றமின் ஏ குறைவு என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. நீண்ட நாள் போதாத சாப்பாடும் திரும்பத் திரும்ப வரும் நோயும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஏந்துபுரதத்தைக் குறைப்பவையும் அவை இரண்டுதான்.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அப்படியான மாதங்களில் ஒரு வீட்டுச் சாப்பாட்டிலிருந்து முதலில் மறைவது மீன், முட்டை, பால்மா. பருப்பு தண்ணீராகிறது. கீரை மட்டும் தட்டில் நிற்கிறது, ஏனென்றால் அது லயத்துக்குப் பின்னால் காசில்லாமல் கிடைக்கிறது. கிளினிக்கில் கேட்டால் தாய் அன்றும் அதே பதிலைத்தான் சொல்வாள். கீரை கொடுக்கும் தாயை, பிள்ளைக்குச் சத்துக் குறைகிறது என்று குறை சொல்வதில் நியாயமில்லை. அவளிடம் கேட்க வேண்டியது பருப்பைப் பற்றி, கருவாட்டைப் பற்றி, வாரத்தில் எத்தனை முட்டை என்பதைப் பற்றி. பதில் “இல்லை மிஸ்ஸி” என்றால் அது அவளுடைய அறியாமையைக் காட்டுவதில்லை. தோட்டத்துச் சம்பளம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் காட்டுகிறது.

1973 முதல் இலங்கையில் வழங்கப்படும் திரிபோஷ சத்துமாவில் சோளத்தோடு சோயாவும் சேர்கிறது, விற்றமின்களும் சேர்கின்றன. சுமையையும் சுமப்பதையும் ஒரே பொட்டலத்தில் தருவது இதன் பெரிய பலம். அதன் விநியோகம் தடைப்படும் ஒவ்வொரு மாதமும் கர்ப்பிணிகளையும் மெலிந்த பிள்ளைகளையுமே முதலில் தாக்கும்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. சோற்றோடு பருப்பு சேர்ந்தால் ஒன்றில் குறையும் புரதக் கூறை மற்றது ஈடுசெய்கிறது. பிள்ளையின் தட்டில் தண்ணீர் அல்ல, பருப்பின் அடி விழ வேண்டும். நெத்தலிக் கருவாட்டை இடித்துச் சம்பலில் சேர்த்தால் சிறு பிள்ளையும் சாப்பிடும். கீரையைச் சுண்டும்போது ஒரு கரண்டி எண்ணெயோ தேங்காய்ப்பாலோ போதும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மஞ்சட்கருவில் குடல் வெட்ட வேண்டிய தேவையே இல்லாத, ஆயத்தமான விற்றமின் ஏ இருக்கிறது, அதைக் கரைக்கும் கொழுப்பும் இருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் பகல்வேளையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கிடைக்க ஏற்பாடு செய்வது, கீரை சாப்பிடு என்று இன்னொரு சுவரொட்டி ஒட்டுவதைவிட மிகவும் பயனுள்ள செலவு.